நாற்பத்தோராவது கட்டம்

அன்று நிறுவைக் கொட்டகையில் இருந்தவர்கள்: கங்காணி அந்தோணி. சரசு அக்கா, தலையில் தேயிலைக் கொழுந்து மூட்டை. மூட்டை தூக்கும் நான். ஒரு லேப்டாப். அதன் பின்னால் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் அம்புக்குறி கிராணி.

பகாங் மாநிலத்தில் பேனா வைத்துக்கொள்ளாத ஒரே கிராணி அவர்தான். கையால் எழுதினால் மனிதன் தப்புப் பண்ணுவான் என்பார். அதனால் கம்ப்யூட்டர் தாளில் எல்லாக் கட்டத்துக்கும் ஓரத்தில் ஒரு அம்புக்குறி வைத்திருந்தார். அழுத்தினால் லிஸ்டு தொங்கும். அதில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். வேறு அடித்தால் பெட்டி கத்தும்.

லீவுக்கும் லிஸ்டு இருந்தது. எனக்குப் பல் வலி வந்தபோது போய் நின்றேன்.

"பல்லு வலி லிஸ்டுல இல்ல. காய்ச்சல், கல்யாணம், கருமாதி. எது வேணும்?"

"காய்ச்சல் போடுங்க ஐயா."

அவர் கை ஒரு வரி கீழே நழுவிவிட்டது. மறுநாள் துரை எனக்கு வாழ்த்துச் சொல்லி ஜோடிக் கோப்பை அனுப்பினார். நான் கல்யாணம் ஆகாதவன். ஒன்றில் குடிக்கிறேன். மற்றதில் சவர பிளேடு வைத்திருக்கிறேன்.

ஒருநாள் அந்தோணி அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"என்னென்ன இருக்கு?"

"தேயிலை எஸ்டேட்டுல்ல? தேத்தண்ணிதான் லா."

"ஒண்ணே ஒண்ணுன்னா அது லிஸ்டு இல்லையே" என்று யோசித்தார். ஆறிய பிறகுதான் குடித்தார்.

கொழுந்து நிறுக்கும் தாள் அவருடைய பெரிய வேலை. பறிப்பவர்கள் நாற்பத்தோரு பேர், நாற்பத்தோரு கட்டம். லிஸ்டில் பெயர்கள் சர்வீஸ்படி இருக்கும். முதல் பெயர் சரசு அக்கா. முதல் வாரமே கோளாறு வந்தது. பின்னால் வந்து நிறுத்தால் பழைய ஆட்களின் பெயர் தொங்கவில்லை. கிராணி இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவு சொன்னார்.

"லிஸ்டு மரியாதை பார்க்குது. மூத்தவங்க முதல்ல வரணும். லேட்டானா மறந்துடும்."

அன்றிலிருந்து எல்லோரும் லிஸ்டில் உள்ளபடி வரிசையில் நின்றார்கள். மழையிலும் நின்றார்கள். ஒரு கோளாறும் வரவில்லை. எட்டு மாதம்.

முதலில் சொன்ன அந்த நாளில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. சரசு அக்கா ஓடையைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும்போது மற்ற நாற்பது பேரும் நிறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மணி நாலரை. ஐந்து மணிக்குத் தாள் தலைமை ஆபீசுக்குப் போக வேண்டும். பெயர் இல்லாவிட்டால் வேலைக்கு வரவில்லை என்று ஆகும். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அந்த மாதம் இரண்டு நாள் ஏற்கெனவே போயிருந்தது. மூன்றாவது நாளும் போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எஸ்டேட் சட்டம் அப்படி.

கிராணி நாற்பத்தோராவது கட்டத்தை அழுத்தினார். ஒரே ஒரு பெயர் தொங்கியது. ரூபன். கடைசியாகச் சேர்ந்தவன்.

'சரசு' என்று அடித்தார். பெட்டி கத்தியது.

"இருபத்தாறு வருசமா இந்த மலையில நிக்கிறேன். ஒங்க பெட்டிக்கு என்னைத் தெரியலையா?" என்றார் அக்கா. மூட்டையை இறக்கவில்லை.

"இன்னைக்கு மட்டும் ரூபனா இருக்கீங்களா அக்கா?"

"ரூபனுக்கு மீசை இருக்கு."

"கையால எழுதிக் குடுங்க லா!" என்று அந்தோணி கத்தினார்.

"கையால எழுதினா திருப்பிடுவாங்க. எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க. முதல்ல இருந்து வரிசையா நிக்கட்டும்."

"கொழுந்து ஃபேக்டரிக்குப் போயிடுச்சு!"

"கொழுந்து எதுக்கு? ஆள் நின்னா போதும்."

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. எண்ணத் தெரியும். அவர் கட்டங்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முதலாவதில் சரசு அக்காவிலிருந்து தொங்கியது. இரண்டாவதில் அக்கா இல்லை. மூன்றாவதில் அவருக்கு அடுத்தவரும் இல்லை.

"ஐயா, கட்டத்துக்கு ஒரு தலை கொறையுது. கூரைத் தகரத்துக்கு ஆணி அடிக்கலைன்னா கீழ வழுக்கும். அந்த மாதிரி."

கிராணி என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"முதல் கட்டத்தைக் கீழ இழுத்து நகல் எடுத்தேன். லிஸ்டும் கூடவே இறங்கிடுச்சு" என்றார் மெதுவாக.

லிஸ்டு எங்கிருந்து எங்கே வரை என்ற இடத்தில் நாலு டாலர் குறி போட்டார். அதுதான் ஆணி. நாற்பத்தோரு கட்டத்தையும் சேர்த்துப் பிடித்து மாற்றினார். கடைசிக் கட்டத்தை அழுத்தினார். முழு லிஸ்டும் தொங்கியது. மேலே சரசு.

அப்போதுதான் அக்கா மூட்டையை இறக்கினார். நிறுத்தேன். இருபத்தெட்டு கிலோ. மணி நாலு ஐம்பத்தாறு. தாள் போனது.

கிராணி எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கங்க அக்கா. எட்டு மாசமா தப்பு லிஸ்டுல இல்ல, என்கிட்ட." இதற்கு அம்புக்குறி எதையும் அழுத்தவில்லை. சொந்தமாகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து யாரும் எப்படியும் வரலாம் என்றார். எல்லோரும் பழைய வரிசையிலேயே நின்றார்கள். வரிசையைக் கலைத்தால் அவர் முகம் வாடும் என்று அந்தோணி நினைத்தார்.

போன வருடம் கிராணியைக் கீழ்நாட்டு எஸ்டேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த கிராணியம்மாவிடம் சரசு அக்கா போய், லிஸ்டின் கடைசியில் ஒரு பெயர் சேர்க்கச் சொன்னார்.

"அம்புக்குறியா? அவர் எத்தனை கிலோ பறிப்பார்?"

"பறிக்க மாட்டாரு. சும்மா இருக்கட்டும்மா."

ஆட்கள் நாற்பத்தொன்று. லிஸ்டில் நாற்பத்திரண்டு.