முன்தண்டு

1912ஆம் ஆண்டு, மலாய்த் தீவொன்றில், பாலிக் புலாவ் மலையடிவாரத்தில் அன்று காலை நின்றவர்கள் ஐந்து பேர்: துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த எங்கள் தாத்தா வேதநாயகம், அவர் மனைவி ரோசம்மா, ரோசம்மாவின் தம்பி வின்சென்ட், டோலிக்காரர்கள் நூர் முகம்மது, பழனியப்பன். தானும் அங்கே இருந்ததாகச் சொல்லும் மற்றவர்களை நம்ப வேண்டாம்.

மலையைக் கடந்து மறுபக்கம் தண்ணீர்மலை வரை பதினான்கு மைல் நடப்பதாக வேதநாயகம் சொல்லியிருந்தார். காரணம், மாதா திருநாள். சப்பரத்தின் முன்தண்டைத் தோளில் தாங்குவது மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்து உரிமை.

"அத்தானுக்கு ஐம்பத்தாறு ஆச்சு. இந்த வருஷம் நான் தூக்குறேன்லா" என்று வின்சென்ட் கோயில் வாசலில் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டான். நடந்து காட்டினால் முன்தண்டு வேதநாயகத்துக்கு. டோலியில் ஏறினால் வின்சென்டுக்கு. பங்குச் சாமியாரும் அதற்கு ஒப்புக்கொண்டார்.

"அப்புறம் டோலி எதுக்கு?" என்றார் வேதநாயகம்.

"சாப்பாடு தூக்க" என்றாள் ரோசம்மா.

"நாலு இட்லிக்கு ரெண்டு ஆளா?"

"ஆட்டுக்கறியும் இருக்கு."

அக்காவும் தம்பியும் குதிரை வண்டியில் சுற்றுவழியாகத் தண்ணீர்மலைக்குப் புறப்பட்டார்கள்.

இரண்டாவது மைலில் புதுச் சப்பாத்து கடித்தது. நூர் முகம்மது உள்ளே தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தார். கடி நின்றது. ஆனால் கால் வழுக்கி, வேதநாயகம் கிராம்புத் தோட்டத்தில் இரண்டு முறை உட்கார நேர்ந்தது. சப்பாத்தைக் கழற்றி டோலியில் வைத்துவிட்டு வெறுங்காலில் நடந்தார்.

உச்சியில் ஒரு பங்களாச் சமையல்காரர் வேலியோரம் நின்று கேட்டார்: "டோலி காலியா வருதே, ஐயா எப்ப ஏறப் போறீங்க?"

வேதநாயகத்துக்குச் சுருக்கென்றது.

"திரையை இழுத்து மூடு. உள்ளே யாரோ அம்மா போறாங்கன்னு நினைக்கட்டும்" என்றார்.

இறக்கத்தில் மழை பிடித்தது. அதன் பிறகு நடந்தது அந்த மூவருக்குத்தான் தெரியும்.

தண்ணீர்மலையில் பூமாலையோடு காத்திருந்தவர்களுக்குப் புதர்களுக்கு மேலே ஆடி ஆடி வந்த டோலிக் கூரை மட்டும் தெரிந்தது. திரை மூடியிருந்தது. பின்னால் யாரும் நடந்து வரவில்லை. கடைசித் திருப்பத்தில் டோலி நின்றது. சற்றுப் பொறுத்து வேதநாயகம் அங்கிருந்து வெறுங்காலோடு, வளையாத முதுகோடு, தனியாக நடந்து வந்தார்.

வின்சென்ட் திருப்பத்துக்கு ஓடினான். பழனியப்பன் டோலியருகே நின்றார். நூர் முகம்மது ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். வின்சென்ட் திரையை விலக்கி உள்ளே கையை வைத்துப் பார்த்தான்.

"அத்தான் சப்பாத்து இங்க இருக்கு. மெத்தை சூடா இருக்கு, அக்கா."

"ஏறினீங்களா?" என்று கேட்டாள் ரோசம்மா.

"இல்லை."

"பின்னே மெத்தை?"

வேதநாயகம் அவள் கையிலிருந்த மாலையை வாங்கித் தாமே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் துறைமுகம் முழுக்க அதே பேச்சு. எங்கள் குடும்பத்தைப் பற்றி அதுவரை அப்படி ஒரு பேச்சு கிளம்பியதில்லை. பூசை முடிந்ததும் சாமியார் நேரிலேயே கேட்டார். "நான் ஏறவில்லை" என்றதற்கு மேல் வேதநாயகம் ஒரு சொல் சொல்லவில்லை. வின்சென்ட் தன் தோளைத் தடவிக்கொண்டான்.

அப்போது, கழுவிய தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க நூர் முகம்மது நொண்டிக்கொண்டே வந்தார். பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது.

"டோலிக்காரனே டோலியில வந்தான்னு தெரிஞ்சா அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்? சொல்லிடாதீங்கன்னு ஐயா கையைப் பிடிச்சுக் கேட்டது நான்தான், சாமியாரே. மழையில எனக்குக் கால் சுளுக்கிப் போச்சு. மெத்தையைச் சூடாக்கினது நான். முன்தண்டைத் தூக்கினது ஐயா."