இசை: தோத்தாத்ரி

தன் மனைவியின் காபிக் கடைச் சுவரில் வேறொரு ஆணின் பெயரைப் பார்த்ததும் ஷ்யாம்சுந்தருக்கு வாயிலிருந்த காபி கசந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட காபிதான்.

'இங்கே ஒலிக்கும் இசை: தோத்தாத்ரி' என்று கொட்டை எழுத்தில், பிரேம் போட்டு மாட்டியிருந்தது.

"யாரு இது?"

"மியூசிக் போட்டவர்" என்றாள் ஸஹானா, கல்லாவிலிருந்து நிமிராமல்.

செம்பாக்கம் ஏரியோரம் நாலு மேஜை போட்ட சின்னக் கடை. சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த வரை நிம்மதியாக இருந்தது. பிறகு ஒரு மியூசிக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கடையில் பாட்டுப் போட லைசென்ஸ் வேண்டுமாம். வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டுமாம். அது கட்டுப்படியாகாது. ஸஹானா இணையத்தில் துழாவி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் விட்டிருந்த வீணை இசையைக் கண்டுபிடித்தாள்.

"காசே வேணாமாம். பேரை மட்டும் எல்லார் கண்ணுலயும் படற மாதிரி போடணுமாம். என்ன மனசு பாருங்க."

ஷ்யாம்சுந்தர் சுவரைப் பார்த்தான். அதற்குப் பெயின்ட் அடித்தவன் அவன். மேஜைகளைத் திருமுடிவாக்கத்தில் தான் வேலை பார்க்கும் பட்டறையில் சொல்லிச் செய்து, டெம்போவில் கூடவே உட்கார்ந்து வந்தவனும் அவன்தான். அவன் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

மறுநாள் பெரிய மணிபிளான்ட் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து பலகைக்கு முன்னால் வைத்தான்.

"பேர் மறைஞ்சா கண்டிஷன் தப்பிடுமே" என்று ஸஹானா பலகையை வாசலுக்கே மாற்றினாள், சீரியல் லைட்டோடு.

தண்ணீர் கேன் போடுகிறவர் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார். "தோத்தாத்ரின்றது அக்கா வூட்டுக்காரரா? அப்போ நீங்க இன்னா ஒறவு சார்?"

அன்றைக்கே ஷ்யாம்சுந்தர், ஸஹானாவுக்குத் தெரியாமல் வேறொரு இலவச இசையைப் போட்டுவிட்டான். ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் சத்யநாராயணன், டம்ளரைக் கீழே வைத்தார்.

"வீணை எங்கம்மா? இது லிஃப்ட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு."

வீணை திரும்பி வந்தது. அதோடு விடாமல் வீட்டுக்கும் வந்தது. ரசம் கொதிக்கும்போதுகூட தோத்தாத்ரி ஓடினார்.

பொறுக்க முடியாமல் ஷ்யாம்சுந்தர் புதிதாக ஒரு மெயில் ஐடி உண்டாக்கி, தோத்தாத்ரிக்கு எழுதினான்: 'செம்பாக்கம் ஸஹானா காபிக் கடையில் உங்கள் இசையால் எல்லாருக்கும் தலைவலி. தயவுசெய்து நிறுத்தச் சொல்லவும். இப்படிக்கு, ஒரு வாடிக்கையாளர்.'

பதில் அவனுக்கு வரவில்லை, கடையின் மெயிலுக்கு வந்தது.

"எவனோ விஷமி அவருக்கு மெயில் போட்டிருக்கான்" என்றாள் ஸஹானா. முகமெல்லாம் சிரிப்பு. "ஆனா நல்லதாப் போச்சு. பெருங்களத்தூர்லதான் இருக்காராம். எப்படிக் கேக்குதுன்னு பார்க்க ஞாயித்துக்கிழமை நேர்லயே வராராம்."

ஞாயிறு ஸஹானா பட்டுப்புடவை கட்டினாள். ஷ்யாம்சுந்தர் மீசைக்கு டை அடித்தான்.

ஆட்டோவிலிருந்து ஆறடி உயரத்தில், பட்டு ஜிப்பாவும் வெள்ளி முடியுமாக தோத்தாத்ரி இறங்கினார். பின்னாலேயே ஒல்லியாக அவர் மனைவி ரமா, கைப்பையோடு இறங்கினாள். சத்யநாராயணன் சால்வை போர்த்தினார். ஸஹானா தன் கையாலேயே டபரா செட்டில் காபி கொண்டுபோனாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு எவர்சில்வர் டம்ளர் மட்டும்தான்.

"ரெண்டாவதா வருதே, அது என்ன ராகம் சார்?" என்றார் சத்யநாராயணன்.

தோத்தாத்ரி கண்ணை மூடிக் கையை மேலே காட்டினார். "எல்லாம் அவன் செயல்."

கடையே உருகியது. அந்த அடக்கத்தைப் பார்த்து ஷ்யாம்சுந்தருக்கு இன்னும் வயிறு எரிந்தது. பின்கட்டுக்குப் போய், கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தான்.

கை கழுவ வந்த ரமா பக்கத்தில் நின்றாள்.

"வீட்லயும் எந்நேரமும் வாசிச்சுக்கிட்டேதான் இருப்பாரா?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

ரமா வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் வீணையைத் தொட்டதே இல்லை சார். வாசிக்கறது நான்தான். என் பேரைப் போட்டா அவருக்கு வயிறு எரியும், அதான் அவர் பேரையே போட்டுட்டேன்."