எட்டுச் சாடிக்கு ஒரு வட்டவிதானை

உலகமே தலைகீழாக நின்றாலும், விடியலில் சுபஹ் தொழுதபின் தூங்கும் ஒன்றரை மணிநேரத் தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஜவுபர் உறுதி பூண்டிருந்தார். நடந்த கூத்தெல்லாம் அந்த ஒன்றரை மணிநேரத்துக்காகத்தான்.

ஜவுபர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இறக்காமம் பக்கத்தில் நானூறு ஏக்கர் வயலுக்கு வட்டவிதானை. எந்த வயலுக்கு எந்த நாளில் வாய்க்கால் தண்ணீர் பாயவேண்டும் என்று தீர்மானிப்பவர். அங்கே அவர் கை காட்டினால் தண்ணீர் திரும்பும். கல்முனையில் இருக்கும் வீட்டில் அவர் கை காட்டினால் பூனைகூடத் திரும்பாது. வீடு அவருடைய மனைவி றம்ஸியாவின் சீதனம். இருபத்தேழு வருடமாக அவர் அங்கே வந்த மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

றம்ஸியா முற்றத்தில் எட்டுப் பூச்சாடிகளில் வெள்ளரி நட்டிருந்தாள். ஒருநாள் முழங்காலைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சருங்க, என்னால குனிய ஏலாது. நாளையிலிருந்து விடிய நீங்கதான் தண்ணி ஊத்தணும்."

"நானூறு ஏக்கருக்குத் தண்ணி பாக்கிறவன் சாடிக்கு ஊத்திறதா?"

"அதுக்குத்தானே உங்களக் கேட்டன். தெரிஞ்ச வேலதானே."

"பின்னேரம் ஊத்தினா என்ன?"

"வெயில் ஏற முன்னம் ஊத்தணும். வெள்ளரி தண்ணியிலயே வளர்ற சாமான். காய விட்டாக் காய் கசக்கும். வேருல மெதுவா ஊத்துங்க. இலையில ஊத்தாதீங்க."

"எனக்கே தண்ணி படிப்பிக்கிறியா புள்ள?"

"இல்ல, ஞாபகப்படுத்தினன்."

மறுநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு முதல் சாடிக்கு ஊற்றினார். மேலே ஊற்றிய தண்ணீர் அடி ஓட்டையால் வெளியே ஓடியது. ஜவுபருக்கு நெஞ்சு பதறிவிட்டது. வரம்பில் ஒரு நண்டு வளை கசிந்தாலும் களிமண்ணோடு ஓடுகிற மனிதர் அவர். பதற்றம் அடங்கியதும் மூளையில் ஒரு வெளிச்சம். வயலுக்கு வாரத்துக்கு ஒரு முறைதானே தண்ணீர் விடுகிறோம்? ஓட்டைகளை அடைத்து, வெள்ளிக்கிழமை விளிம்பு வரை நிரப்பிவிட்டால் மற்ற ஆறு நாளும் நிம்மதியாகத் தூங்கலாம்!

வயலிலிருந்து நல்ல களிமண் வந்தது. எட்டுச் சாடியின் அடியும் அடைபட்டது. எட்டும் சின்னக் குளங்களாக நின்றன.

"ஊத்தினீங்களா?" என்று றம்ஸியா தினமும் கேட்டாள்.

"போய்ப் பாரு, மண் ஈரமாக் கிடக்கும்."

அது பொய் இல்லை. ஐந்தாம் நாள்தான் வினை வந்தது.

"இஞ்சருங்க, எல்லாம் மஞ்சளாக் கிடக்கு."

"பழுக்குது போல."

"காயே இல்ல, என்னத்தப் பழுக்கிற?" சாடியைச் சரித்துப் பார்த்தாள். "ஓட்டைய ஆரு அடைச்ச?"

"நான்தான். ஒரு சொட்டு வீண் போகல்ல," என்றார் ஜவுபர், பெருமையோடு.

"அல்லாஹ்வே! இது என்ன நெல்லா, தண்ணிக்குள்ள நிக்க? வேர் மூச்சு விட வேணாமா? மூணு சாடி மவுத்து!"

ஜவுபர் முகத்தைத் தொங்கப்போட்டார். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். "இந்த வேல எனக்குச் சரிவராது புள்ள."

"ஓம், சரிவராதுதான்."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே ஜவுபர் உஷாராகியிருக்க வேண்டும்.

"சுந்தரம்மாட்டயும் சொன்னன். அவட மனிசன் கேட்டுட்டுச் சிரிச்சாராம்."

சுந்தரம்மா றம்ஸியாவின் தையல் வகுப்புக் கூட்டாளி. அவளுடைய கணவர் கனகரெத்தினம், அடுத்த நெற்போகத்துக்காக விவசாயிகள் கூடும் போகக் கூட்டத்தில் வட்டவிதானைப் பதவிக்கு ஜவுபரை எதிர்த்து நிற்கப்போகிறவர்.

"என்ன சொன்னானாம்?"

"எட்டுச் சாடிக்குத் தண்ணி பாக்கத் தெரியாதவர் நானூறு ஏக்கருக்கு எப்படிப் பாப்பார் எண்டாராம். அவர் பத்துச் சாடிக் கத்தரிக்கு விடியவே எழும்பி ஊத்துறாராம். கூட்டத்திலயும் இதக் கதைப்பாராம். விடுங்க, நீங்க போய்ப் படுங்க."

ஜவுபர் படுக்கவில்லை. அடுத்த நாள் சுபஹ் தொழுத கையோடு களிமண்ணைத் தோண்டி எறிந்தார். செத்த மூன்று சாடிக்கும் புதுமண் போட்டு விதை ஊன்றினார். தினமும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் காய்ந்து வந்தால், வேரடியில் கோப்பையால் மெதுவாக ஊற்றினார், அடியால் கசியும் வரைக்கும். கசிகிறபோது நெஞ்சு பதறத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். வெயில் கொளுத்திய நாட்களில் பின்னேரமும் ஒருமுறை ஊற்றினார். கொடி பந்தலேறியது, பூத்தது, காய்த்தது. கண்ணுக்குக் கீழே கருவளையமும் காய்த்தது.

இரண்டு மாதத்தில் போகக் கூட்டம் வந்தது. ஜவுபர் ஆறு வெள்ளரிக்காயைக் கொண்டுபோய்க் கனகரெத்தினத்தின் முன்னால் வைத்தார். கனகரெத்தினம் தன் பையிலிருந்து ஆறு கத்தரிக்காயை எடுத்து எதிரே வைத்தார்.

"இப்ப சிரிங்க பாப்பம், விதானையார்," என்றார் கனகரெத்தினம்.

"நானா சிரிச்சன்? நீங்கதானே என்னப் பாத்துச் சிரிச்ச?" என்றார் ஜவுபர்.

"ஐயோ, நான் ஒண்டும் கதைக்கல்ல. பத்துச் சாடிக் கத்தரிய வாட விட்டவனுக்கு விதானைப் பதவி கேக்குதா எண்டு நீங்க கேட்டதா என்ட மனிசிதான் சொன்னா. ரெண்டு மாசமா விடியப்புற நித்திரை இல்ல, விதானையார்."

வெள்ளரியும் கத்தரியும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. மறுபடியும் ஜவுபரே வட்டவிதானையானார். கனகரெத்தினம் எதிர்த்து வாய் திறக்கவில்லை. கொட்டாவி விடத்தான் திறந்தார்.

ஜவுபர் வீட்டுக்குள் புயலாக நுழைந்தார். "எல்லாம் தெரிஞ்சிட்டு புள்ள! நாளைக்கு நான் படுக்கப்போறன்!"

றம்ஸியா வெள்ளரிச் சம்பலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வடிவாப் படுங்க. கனகரெத்தினம் அண்ணனும் படுப்பாரா எண்டு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

மறுநாள் சுபஹ் தொழுது வந்தவர் கட்டிலைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பத்துச் சாடிக் கத்தரி கண்ணுக்குள் வந்து நின்றது. எட்டுச் சாடிக்கும் விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி முடித்து உள்ளே வந்தபோது, அவருடைய ஒன்றரை மணிநேரத் தூக்கத்தை றம்ஸியா தூங்கிக்கொண்டிருந்தாள்.