ஏழு வருஷமாக ஒரு குறுக்குக் குழாய்

தீர விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு குடை வாங்க மூன்று மழைக்காலம் நனைந்துகொண்டே விசாரிப்பார். மதில்மேல் பூனையாவது ஒருநாள் ஏதாவதொரு பக்கம் குதித்துவிடும். இவர் மதிலின் உயரத்தை அளந்துகொண்டே இருப்பார்.

மிச்சிகனில் எங்கள் சின்ன ஊரில் இந்த இனத்தின் திலகம் வென்டல் ஷிமான்ஸ்கி. அவரிடம் அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கார் ஒன்று இருக்கிறது. எட்டு சிலிண்டர், ரத்தச் சிவப்பு. எஞ்சினைப் பிரித்துக் கோத்தாயிற்று, சீட்டுக்குப் புது உறை தைத்தாயிற்று, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்தாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று. எஞ்சினின் இரண்டு பக்கத்திலிருந்தும் புகைக்குழாய் ஒவ்வொன்று பின்னால் ஓடுகிறதே, அந்த இரண்டையும் நடுவில் இணைத்து, மீதிக் குழாயை மாட்ட வேண்டும். ஏணிப்படி மாதிரி குறுக்கே ஒரு துண்டு வைத்தால் ஆங்கில எழுத்து எச். இரண்டும் ஒட்டி உரசிப் பக்கம் மாறிப் போனால் எக்ஸ். எச் அடித்தொண்டையில் உறுமும். எக்ஸுக்குக் குரல் கொஞ்சம் தூக்கல்; பறக்கிற வேகத்தில் சக்தியும் துளி கூடும். வென்டல் முப்பது மைலைத் தாண்டி ஓட்டுகிற ஆளில்லை. அதற்காக விசாரிக்காமல் இருக்க முடியுமா?

சனிக்கிழமை காலை டோனட் கடையில் சபை கூடும். க்ளிஃப் எச் கட்சி, டுவேன் எக்ஸ் கட்சி.

“எக்ஸ் போட்டா தையல் மிஷின் மாதிரி கத்தும்டா. அதுக்கு நீ சைக்கிள்லயே போயிடலாம்.”

“எச் போட்டா இவன் குறட்டை விடற மாதிரி இருக்கும். வேணும்னா இவன் பொண்டாட்டிய கேளு.”

இருவருக்கும் தலையாட்டிவிட்டு வென்டல் தம் தாரக மந்திரத்தைச் சொல்வார். “ஒரேயடியா அப்படியும் சொல்லிட முடியாது.”

எச் போடுவதென்றால் எந்த இடத்தில்? அதற்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. குழாயில் கறுப்புப் பெயின்ட் அடித்து எஞ்சினை ஓட்டவிட்டால், எதுவரை பெயின்ட் கருகுகிறதோ அங்கேதான் குறுக்குத் துண்டு. வென்டலும் அடித்தார். முதல் வருஷம் இருபத்தாறாவது அங்குலத்தில் கருகல் நின்றது. சந்தேகத்துக்கு மறு வருஷமும் அடித்தார், இருபத்தொன்பது. வேறொருவராக இருந்தால் நடுவில் ஓரிடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். வென்டல் பெயின்டை மாற்றினார். இப்படியே ஏழு கோடை.

லோரெய்ன் அவருடைய மனைவி. ஆகஸ்டில் பெரிய தெருவில் பழைய கார்கள் ஊர்வலம் போகும். ஏழு ஆகஸ்டிலும் அந்த அம்மாள் தெருவோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கார்களில் போகிற அடுத்த வீட்டுப் பெண்டாட்டிகளுக்குக் கை காட்டியிருக்கிறாள். இந்தச் செப்டம்பரில் அவளுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு அந்தத் தாழ்ந்த சீட்டில் காலை மடக்கி ஏற முடியுமா என்பது டாக்டருக்கே தெரியவில்லை.

“ஏம்ப்பா வென்டல், இந்த ஆகஸ்ட் நான் அந்தக் கார்ல உக்காரணும்.”

“உக்காருவே, உக்காருவே. ஒஹாயோல ஒருத்தர் ரெண்டு விதமும் போட்டிருக்காராம். அவரை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்.”

ஊர்வலத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கிளம்பிப் போனார். போனவர் குறிப்பேடு நிரம்ப எழுதிக்கொண்டு ஊர்வலத்தன்று மதியம் நேரே தெருவோரம் வந்து சேர்ந்தார். லோரெய்னின் நாற்காலி காலியாக இருந்தது. கடைக்குப் போயிருப்பாள் என்று அவரே அதில் உட்கார்ந்தார். பக்கத்தில் க்ளிஃபும் டுவேனும் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் தெருக்கோடியில் ஒரு கார்ச் சத்தம் கேட்டது. வென்டல் கண்ணை மூடிக்கொண்டார்.

“எக்ஸ்! சந்தேகமே இல்லடா. என்ன குரல், என்ன குழைவு! முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை நானும் எக்ஸ்தான் போடப்போறேன்.”

ஏழு வருஷத்தில் முதல் முடிவு. டுவேன் எழுந்து நின்று கை தட்டினார்.

சத்தம் அருகில் வந்து நின்றது. கண்ணைத் திறந்தால் ரத்தச் சிவப்பு. உள்ளே, தலையில் துணி கட்டிய லோரெய்ன்.

“சைலன்சர் கடை ரோண்டா வண்டிய ஏத்திட்டுப் போனா. எச்சா எக்ஸான்னு கேட்டா. ரெண்டும் வேணாம், இன்னிக்கு ஓடணும்னேன். குறுக்கே ஒண்ணுமே வைக்கல. நேரா ரெண்டு குழாய், நாப்பது நிமிஷம்.”

க்ளிஃப் சிரித்ததில் காபி மூக்கில் ஏறியது. வென்டலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஏறு, பின்னால வண்டி நிக்குது. அந்தப் பக்கம் ஏறு. நான்தான் ஓட்டறேன்.”

ஏறினார். லோரெய்ன் தெருவோர நாற்காலிகளுக்கெல்லாம் மகாராணி மாதிரி கை காட்டிக்கொண்டு வந்தாள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, ஏழு வருஷம் இதையா தள்ளிப்போட்டோம் என்று தோன்ற, குறிப்பேட்டைச் சீட்டுக்கடியில் தள்ளினார்.

“லோரெய்ன்… ஒரேயடியா இது நல்லா இல்லன்னும் சொல்லிட முடியாது.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், படித்துக்கொண்டு வரும்போதே எச்சா எக்ஸா, எதுதான் நல்லது என்று மனசுக்குள் தராசைத் தூக்கினீர்களா இல்லையா? அந்தக் காரே உங்களுடையதில்லை! தராசைக் கீழே வையுங்கள். உங்கள் வீட்டில் மடக்கு நாற்காலியில் ஏழு வருஷமாக உட்கார்ந்திருப்பது யார் என்று முதலில் போய்ப் பாருங்கள்.