கரவனுக்கு வடம் பிடித்தவர்கள்

முன்னுக்குப் போவது யாருக்கும் வரும். பின்னுக்குப் போவதற்குத்தான் பயிற்சி வேண்டும். இந்த ஞானம் எனக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, லண்டனில் ஒரு கோயில் வாசலில், ஒரு கலியாண வீட்டுக் கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

எங்களிடம் முதலில் ஒரு சின்னக் கரவன் இருந்தது. காரின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, சில்லு வைத்த வீடு. (வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது.) நான், மனைவி வதனி, மகள் ஆரணி மூவரும் ஒவ்வொரு கோடையிலும் அதற்குள் அடைந்துகொண்டு ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போவோம். இரவில் சாப்பாட்டு மேசையை இறக்கி, மேலே மெத்தை போட்டால் அதுதான் ஆரணியின் கட்டில். ஆறு வயதில் அவளுக்கு அது பெரிய விளையாட்டு. பதினெட்டு வயதில் அவளுடைய கால்கள் மேசையைத் தாண்டி ஃபிரிட்ஜின் கதவில் முட்டின.

அந்த வருடம் அவள் சொல்லிவிட்டாள். "அப்பா, இந்த சம்மர் நான் வரேல்ல. ஐ ஆம் நொட் ஸ்லீப்பிங் ஒன் எ டேபிள்."

செப்டெம்பரில் அவள் ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போகிறாள். அதற்குப் பிறகு எப்போது வருவாள், எவ்வளவு நாள் நிற்பாள், வந்தாலும் எங்களோடு ஒரு பெட்டிக்குள் இருப்பாளா? மூவரும் ஒன்றாக இருக்கப்போகும் கடைசிக் கோடை இதுதானோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். "நீ வராவிட்டால் எனக்கு அங்கே போக மனமில்லை, பிள்ளை" என்று வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எனக்கு அது வரவில்லை. ஆகவே பெரிய கரவன் ஒன்று வாங்கினேன்.

உண்மையிலேயே பெரியது. ஆரணிக்கென்று பின்பக்கத்தில் தனிக் கட்டில், இழுத்து மூடத் திரை, தலைமாட்டில் போன் சார்ஜ் பண்ண இடம். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கட்டிலில் ஒருதரம் படுத்துப் பார்த்தாள். "நைஸ்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

விற்ற மனிதர் நல்லவர். இது பழையதைவிட நீளம், பாரமும் கூட, ஒரு வெறும் மைதானத்தில் பின்னுக்கு எடுத்துப் பழகிவிட்டு வீதிக்கு வாருங்கள், வேண்டுமானால் பயிற்சி வகுப்புகளும் இருக்கின்றன என்றார். நான் சிரித்தேன். ஊரில் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் பெட்டி கொழுவி ஓட்டின ஆள் நான், எனக்கா வகுப்பு என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். (ஓட்டியது என் சித்தப்பா. நான் பெட்டிக்குள் வைக்கோலுக்கு மேலே இருந்தேன்.) ரிமோட்டால் கரவனைத் தனியே நகர்த்தும் மோட்டார் ஒன்றும் பூட்டலாம் என்றார். பிறகு பார்ப்போம் என்றேன்.

ஆனால் மற்ற ஆயத்தங்களில் என்னைக் குறை சொல்ல முடியாது. காரின் இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் கண்ணாடிகள் வாங்கினேன். கொழுக்கியின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளக்கும் கருவி வாங்கினேன். வதனி அரிசி மூட்டையையும் இடியப்ப உரலையும் பின்பக்கத்தில் வைக்க, வால் பாரமானால் ஓடும்போது வண்டி ஆடும் என்று நான் அவற்றை நடுவுக்கு மாற்ற, அவள் மறுபடி பின்னுக்கு மாற்ற, இது ஒரு கிழமை நடந்தது. முன்னுக்குப் போவதற்கு வேண்டிய எல்லாம் செய்தேன். பின்னுக்குப் போகவேண்டி வரும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

"கோயிலுக்குக் கொண்டு போகாமல் இதில நான் ஏறமாட்டன்" என்றாள் வதனி.

புது வாகனம் வாங்கினால் கோயிலில் பூசை செய்து, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்காமல் எங்கள் ஆட்கள் ஓடமாட்டார்கள். ஐயரைக் கேட்டேன். "சனிக்கிழமை காலமை வெள்ளெனக் கொண்டு வாங்கோ. பிறகு ஒரு கலியாணம் இருக்கு" என்றார்.

வெள்ளெனத்தான் மூவரும் வெளிக்கிட்டோம். ஆனால் கரவனுக்கு ஏற்ற மாலை வேண்டும் என்று வதனி வழியில் ஒரு கடையில் இறங்கினாள். காருக்குப் போடும் மாலை இதன் நெற்றிக்குக் காணாது என்று மூன்று மாலைகளைச் சேர்த்துக் கட்டுவித்தாள். நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் கலியாணக் கார்கள் நிறைந்துவிட்டன. பெண் வீட்டார் பட்டும் சந்தனமுமாக மாப்பிள்ளையை வரவேற்க நின்றார்கள். நான் இரும்புக் கேற்றால் நேரே உள்ளே ஓட்டினேன். அதுவரைக்கும் அழகாகத்தான் ஓட்டினேன் என்பதைப் பதிவுசெய்து கொள்ளுங்கள்.

ஐயர் அவசரமாக மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, காருக்கு நாலும் கரவனுக்கு இரண்டுமாகத் தேசிக்காய்களை வைத்தார். "மெல்லமா முன்னுக்கு எடுங்கோ."

எடுத்தேன். தேசிக்காய்கள் எல்லாம் நசுங்கின. காரின் மூக்கு கலியாணப் பந்தலின் காலுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றது. திருப்ப இடமில்லை. அப்போதுதான் கேற்றுக்கு வெளியே மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டார்.

"அத்தான், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நான் பின்னால நிண்டு சொல்லுறன்" என்று கலியாணத்துக்கு வந்திருந்த வதனியின் தம்பி நேசன் ஓடிவந்தான். அவன் மட்டும் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேனோ தெரியாது. பின்னுக்குப் போகும் வாகனம் ஒன்றைக் கண்டால் சும்மா நிற்க எங்கள் ஆண்களால் முடியாது. சந்தனப் பொட்டு வைத்த ஏழெட்டுப் பேர் நாலு பக்கமும் நின்று கைகாட்டினார்கள்.

"வா, வா, வா... நில்!"

"ஏன் நிக்கிறீர்? இன்னும் கிடக்கு, வாரும்!"

"இடப்பக்கம் ஒடி! மற்ற இடப்பக்கம்!"

சின்னக் கரவனை நான் ஒருநாளும் இப்படி எடுத்ததில்லை. போகிற இடத்தில் பக்கத்துக் கரவன்காரர் யாராவது கழற்றித் தர, கையால் தள்ளுவோம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கரவனின் வால் வலப்பக்கம் போகும் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரியவந்தது. வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் பலமாக இடப்பக்கம் ஒடித்தேன். அது இன்னும் பிடிவாதமாக வலப்பக்கம் போனது. வதனி காதைப் பொத்திக்கொண்டாள். 'டக்' என்று ஒரு சத்தம். கார் ஒரு பக்கமும் கரவன் ஒரு பக்கமுமாக மடிந்து, கேற்றின் ஒரு தூணில் கரவனின் மூலையும் மறு தூணுக்குக் கிட்ட காரின் குண்டியும் வந்து நின்றன. அரைச் சாண் இடைவெளியில் மாப்பிள்ளையின் தலைப்பாகை தெரிந்தது.

கோயிலுக்கு அந்த ஒரு கேற்றுத்தான். மாப்பிள்ளை வெளியே. ஐயரும் மணவறையும் பெண்ணின் ஆட்களும் உள்ளே. முகூர்த்தம் நெருங்குகிறது.

"கரவனுக்குள்ளால வரேலாதோ?" என்றார் ஒருவர். அதற்கு ஒரு கதவுதான், அதுவும் தூணை அணைத்துக்கொண்டு நின்றது. "அப்ப யன்னலால ஏத்தி எடுப்பம்" என்றார் இன்னொருவர். பெண்ணின் தாயார் என்னைப் பார்த்தார். "தம்பி, இருபத்தெட்டு வயசுப் பிள்ளைக்கு இப்பத்தான் ஒரு கலியாணம் பொருந்தி வந்தது" என்றார். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் நான் அவரை யோசிக்கவில்லை. என் மகளை யோசித்தேன். பின் ஆசனத்தில் இருந்த ஆரணியைக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தாள். அவளைக் கூட்டிப்போவதற்கென்று வாங்கிய வண்டி, ஊர் முழுவதற்கும் முன்னால் அவளை வெட்கப்படுத்திவிட்டது. இனி இதில் அவள் கால் வைக்கமாட்டாள் என்று முடிவே செய்துவிட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (கற்பூரப் புகை என்று வதனிக்குப் பின்னர் சொன்னேன். காரின் யன்னல் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.)

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஓடிப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் யன்னலுக்கு வந்து நின்றாள்.

"அப்பா, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. அன்ஹிட்ச் பண்ணுவம்."

குனிந்து வயரைக் கழற்றினாள். கரவனின் மூக்கில் இருக்கும் சின்னச் சில்லைக் கைப்பிடி சுற்றி நிலத்துக்கு இறக்கினாள். கொழுக்கியைத் தூக்கினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"உனக்கு ஆர் பிள்ளை இது காட்டித் தந்தது?"

"வீடியோஸ் பாத்தனான். நீங்கள் பாக்கமாட்டீங்கள் எண்டு தெரியும். ஹூ வோஸ் கோயிங் டு டூ இட் இன் டெவன்?"

டெவன்! நாங்கள் போகவிருந்த இடம். வரேல்ல என்று சொன்ன பிள்ளை, அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு கரவன் கழற்றப் பழகியிருக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே கரவனின் நெற்றி மாலையைக் கழற்றி அவளுக்குப் போடலாம் போல் இருந்தது.

காரை முன்னுக்கு நகர்த்தியாயிற்று. வாசலை அடைத்து நிற்கும் கரவனை இனி வீதிக்குத் தள்ளவேண்டும். ஆனால் கேற்றிலிருந்து வீதிக்கு ஒரு சின்ன ஏற்றம். உள்ளேயிருந்து பெண் வீட்டார் தள்ளினார்கள்; கரவன் அசைந்தது, ஏறவில்லை. வெளியிலிருந்தும் இழுக்கவேண்டும் என்றாள் ஆரணி. என் கயிறு நீளம் காணாது. ஐயர் கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு களஞ்சிய அறைப் பக்கம் கைகாட்டினார்.

"பழைய தேர் வடம் கிடக்கு. எடுங்கோ. அம்மாள் கோவிக்கமாட்டா."

வடத்தைக் கரவனின் அடிச்சட்டத்தில் கட்டி, மறு நுனியை இடைவெளியால் வீதிக்கு நீட்டினார்கள். வெளியே மாப்பிள்ளை வீட்டார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வடம் பிடித்தார்கள். மாப்பிள்ளையும் பிடித்தார். உள்ளே பெண் வீட்டார் தள்ள நின்றார்கள். மூக்குச் சில்லின் கைப்பிடி ஆரணியின் கையில். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் கட்டையைப் பிடியுங்கோ. நான் சொல்லேக்க சில்லுக்குக் கீழ வையுங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ."

தேர் ஓடும்போது சில்லுக்குக் கட்டை போடுகிறவரின் வேலை. பயபக்தியோடு ஏற்றுக்கொண்டேன்.

யார் முதலில் தொடங்கியது என்று இன்றுவரை தெரியாது. வடம் இறுகியதும் கூட்டத்திலிருந்து "அரோகரா!" என்று ஒரு குரல். வடம் பிடித்தால் அந்தச் சொல் தானாக வாயில் வரும் போலும். உள்ளேயும் வெளியேயுமாக எல்லோரும் "அரோகரா!" என்றார்கள். நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளைக்கு வாசித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, சாமி வெளியே வரும்போது வாசிக்கிற மல்லாரிக்கு மாறினார். நெற்றி நிறைய மாலையோடு, கற்பூர வாசத்தோடு, என் கரவன் பின்பக்கமாக வீதிக்கு எழுந்தருளியது. "அப்பா, கட்டை!" வைத்தேன். "எடுங்கோ!" எடுத்தேன்.

எதிர் வீட்டு வெள்ளைக்கார அம்மா வெளியே வந்து கைகூப்பி நின்றார். கோயில் தேருக்கு ஒவ்வொரு வருடமும் அவர் அப்படி நிற்பதுண்டாம். இந்த வருடம் முன்னதாகவே வந்துவிட்டதா என்று நேசனைக் கேட்டாராம். ஓம், இது சின்னத் தேர் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

மாப்பிள்ளை வியர்த்து வழிந்துகொண்டு உள்ளே ஓடினார். தாலி முகூர்த்தத்துக்குள் ஏறியது. பெண்ணின் தாயார் எங்களைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. பந்தியில் ஆரணி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். வடையைக் கையில் எடுத்தவள், என்னைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். வடையைத் திரும்ப இலையில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, என் தோளில் சாய்ந்து சிரித்தாள். அப்போது சொன்னேன். "நீ வராட்டி எனக்கு டெவனுக்குப் போக மனமில்லை, பிள்ளை."

"ஐ நோ, அப்பா. அதுதானே கரவன் வாங்கினீங்கள்."

டெவனில் நின்ற அத்தனை நாளும் மழை; மூவரும் கரவனுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அந்தத் தம்பதியின் கலியாண வீடியோவில் முதல் காட்சி எங்கள் கரவன்தான். கடையில், கோயிலில், செத்த வீட்டில்கூட என்னைக் கண்டால் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இந்த வருசம் தேர் எப்ப?" என்று கேட்பார். வதனியும் இப்போது அதைக் கரவன் என்று சொல்வதில்லை. ஆரணி படிப்பு முடித்து ஸ்கொட்லாந்திலேயே வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு பெப்ரவரியிலும் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வரும்: "தேர் எப்ப? லீவு போடோணும்."

நான் பிறகு வகுப்புக்கும் போனேன். கொஞ்சமாக ஒடித்து, பொறுத்திருந்து, அது எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று பார்க்கவேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். ஓரளவு வருகிறது. ஆனாலும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கார்த் திறப்பை ஆரணியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். அவள் கண்ணாடியைப் பார்த்து, ஒரே எடுப்பில் பின்னுக்கு எடுத்து நிறுத்துவாள். பிறகு யன்னலால் தலையை நீட்டி, "அப்பா, கட்டை!" என்பாள்.

நான் ஏற்கெனவே குனிந்து நிற்பேன்.