எல்டு என்னும் வியாதி

அச்சகத்தில் முப்பத்தேழு வருஷம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர், பின்னறைக்குப் பெயின்ட் அடிப்பதில்லை என்று ஏணியைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டார். முன்னறை முழுக்க மனைவி தைக்கும் துணி. பின்னறை தயாரானால் தையல் மிஷினை அங்கே நகர்த்திவிட்டுக் கால் நீட்டி உட்காரலாம் என்று அந்த அம்மாள் ஆறு மாதமாகக் காத்திருந்தாள். முடியாது என்று நேரே சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை. பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினார். ‘எல்டு’ என்றொரு சொல் அகப்பட்டது. முதுமை என்று பொருள். வழக்கொழிந்து ரொம்ப நாளாயிற்று. மனைவியின் ஆங்கிலம் தையல் அளவோடு நின்றுவிடும் என்பது அவர் நினைப்பு.

மறுநாள் ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விட்டு வந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“எனக்கு எல்டாம்.”

தையல் மிஷின் நின்றது.

“அப்படின்னா? ஆபத்தா?”

“மெதுவாத்தான் முத்துமாம். மருந்து கிடையாதாம். ஏணி மட்டும் ஏறக் கூடாதாம்.”

அவள் கண் கலங்கியதும் அவருக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். அதற்குள் அவள் அவர் முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டாள். சுகம் வாயை அடைத்துவிட்டது.

மூன்று நாள் ராஜ உபசாரம். ஆனால் இரண்டாம் வேளையிலேயே ராஜாவுக்கு நாக்கு செத்துப்போயிற்று. உப்பும் உறைப்பும் இல்லாமல் குழைய வேகவைத்த காயை அவளே ஸ்பூனால் ஊட்டினாள். டீ கிடையாது. கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்று செய்தித்தாளும் கிடையாது. சீட்டாடக் கூப்பிட வந்த நண்பரை, அவர் தூங்குகிறார் என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். தூங்காதவர் உள்ளே மூச்சுக் காட்டாமல் கிடந்தார்.

நாலாம் நாள் காலை பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.

“எழுந்திரிங்க. எல்டு சரியாயிடுச்சு.”

“அது சரியாகாதுன்னு...”

“பக்கத்து வீட்டு இங்கிலீஷ் டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். ‘ஓல்டு’ன்னு சொல்றோமே, அதுவும் இதுவும் ஒரே குடும்பமாம். ஆதியில அதுக்கு வேர் என்ன தெரியுமா? வளர்றது, ஊட்டி வளர்க்கிறது. மூணு நாளா ஊட்டியாச்சு. வளர்ந்த பிள்ளை இனி வேலை பார்க்கலாம்.”

எப்போது கேட்டாய் என்றார், ஈனக்குரலில். முதல் நாளே, அவர் கண்ணை மூடிய அரை மணிக்குள் என்றாள்.

“அந்த அரை மணி எனக்கு உயிரே இல்லை,” என்றாள், சிரிக்காமல்.

எழுந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். அவர் ஏணி ஏறி அடிக்க, அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் உப்பும் உறைப்புமாகச் சாப்பாடு. அதன்மேல் இரண்டு டீ. சாயங்காலம் அறை பளிச்சென்று ஆகிவிட்டது. அவருக்கே பெருமை பிடிபடவில்லை. ஏணியை மடிக்கப் போனார்.

“மடிக்காதீங்க. நாளைக்கு டீச்சர் வீட்டுச் சமையலறை. அவங்க மட்டும் சும்மாவா அர்த்தம் சொல்லுவாங்க?”