ஒரு சேவலும் மூன்று பக்க விளக்கமும்

19-02-2025, புதன், மாலை 4.30. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். பணியின்போது பொதுமக்களில் ஒருவர் கொடுத்த சேவலை மறுக்காமல் பெற்றுக்கொண்டேன். ஒரு முறையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சேவல் இப்போது கட்டிலுக்கடியில் இருக்கிறது.

எழுதி முடித்த சுதர்சன் குனிந்து பார்த்தான். மஞ்சள் கட்டைப் பையிலிருந்து கழுத்தை மட்டும் வெளியே நீட்டி, சேவலும் அவனைப் பார்த்தது. அவனைவிட அதற்குத் தைரியம் அதிகம்.

சுதர்சன் தீயணைப்பு வீரனாகச் சேர்ந்து இரண்டு வருடம் முடியப் போகிறது. தகுதிகாண் பருவம் முடிந்ததென்று உத்தரவு வந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்கான கோப்பு வருகிற திங்கட்கிழமை வேங்கிக்காலிலுள்ள மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறது. இந்த நேரம் பார்த்தா சேவல் வர வேண்டும்?

காலையில் கீழ்பென்னாத்தூர் போகும் வழியிலுள்ள ஒரு கிணற்றில் பசு விழுந்துவிட்டதென்று அழைப்பு. பசுவின் வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, ஊரே சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. வண்டி அருகே நின்ற சுதர்சனிடம் கட்டம் போட்ட லுங்கிக்காரர் ஒருவர் வந்தார். கையிலிருந்த பையை அவன் கையில் திணித்தார், முகத்தைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான், கயிற்றுப் பக்கம் ஓடிவிட்டார். பசு மேலே வந்தது. கரையில் விசில் பறந்தது. அதே நேரம் மலையடிவாரத்தில் புல் எரிகிறதென்று வயர்லெஸ்ஸில் அடுத்த அழைப்பு. வண்டி பாதி தூரம் வந்த பிறகுதான், மடியில் இருந்த பை கூவியது.

"ஜனங்க அன்பு தம்பி, வச்சுக்கோ" என்றார் மூத்த வீரர் மணிவேல்.

நன்றியைக்கூட எதிர்பார்க்காமல் ஓடிய அந்த நல்ல மனிதரை நினைத்துச் சுதர்சனும் கொஞ்சம் நெகிழ்ந்தான். நெகிழ்ச்சி மாலை ஆறு மணி வரை தாங்கியது.

ஆறு மணிக்குத் துறைத் தேர்வு வகுப்பு. ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் சக்கரபாணி ஒரு லாட்ஜின் மாடி அறையில் நடத்துகிறார். நான்கு போலீஸ்காரர்கள், மூன்று தீயணைப்பு வீரர்கள், ஒரு மின்விசிறி. விதி வலியது, அன்றைய பாடம் அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்குவது பற்றி.

சுதர்சன் கையைத் தூக்கினான். "சார், யாராவது ஒரு சேவல் குடுத்தா?"

"யாரு குடுத்த சேவல்?"

"பொதுவா கேட்டேன் சார்."

"பொதுவா ஒரு சேவல்னு உலகத்துல எதுவும் கிடையாதுப்பா" என்று சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றினார். "வாங்குனது ஒரு தப்பு. வாங்குனதைச் சொல்லாதது ரெண்டாவது தப்பு. கமுக்கமா திருப்பிக் குடுத்தா தடயத்தை மறைச்ச மாதிரி, அது மூணாவது. மேலதிகாரிக்கு எழுத்து மூலமா சொல்லணும். மதிப்பையும் போடணும். புரோபேஷன்ல இருக்கறவனா இருந்தா, அவன் கதை முடிஞ்சுது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவலர் மாறன் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சுதர்சனைப் பார்த்தார். சுதர்சன் மின்விசிறியைப் பார்த்தான்.

மதிப்பை எழுத வேண்டுமென்றால் எடை தெரிய வேண்டும். வியாழன் காலை பையைத் தூக்கிக்கொண்டு கோழிக்கடை வாசலில் போய் நின்றான். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே ஒதுங்காதவன்.

"முழுசாவா, பீஸ் போடணுமா?" என்றார் கடைக்காரர்.

எடை மட்டும் போதும் என்றான். எடை போட்டுவிட்டு உயிரோடு திருப்பிக் கொடுப்பது அந்தக் கடையில் வழக்கமில்லை போலிருக்கிறது. கடைக்காரர் ஒரு கையில் சேவலும் மறு கையில் கத்தியுமாகச் சிறிது நேரம் யோசித்தார். இரண்டு கிலோ முந்நூறு கிராம். சுதர்சன் சேவலைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

அறைக்கு வந்து சேர்வதற்குள் அம்மா சுனந்தாவின் போன். அவர்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் விளக்கில் பூச்சி விழுமென்று சாப்பிடாத குடும்பம்.

"கோழிக்கடையில நின்னியாமே. நம்ம ஊர்க்காரங்க பஸ்ல இருந்து பாத்திருக்காங்க." அம்மாவின் குரல் உடைந்திருந்தது.

"அம்மா, அது கறி இல்லம்மா. லஞ்சம்."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "அவ்ளோதானா? நான் பயந்தே போயிட்டேன்."

சேவலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நிலையத்தில் சைரன் ஒலித்தால் பதிலுக்குக் கூவும். வெள்ளிக்கிழமை காலை அணிவகுப்பில் சைரனைச் சோதித்துப் பார்த்தார்கள். நிலையத்துக்குப் பின்னாலிருந்த சுதர்சனின் அறையிலிருந்து மூன்று முறை பதில் வந்தது. நிலைய அலுவலர் அருணாதேவி வரிசையை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வைதான் சுதர்சனைக் கொன்றது.

"எங்கிட்ட குடுத்துடு தம்பி" என்று மணிவேல் காதோரம் கிசுகிசுத்தார். "ஞாயித்துக்கிழமை மிளகு ஜாஸ்தியா போட்டு, ஆதாரமே இல்லாம பண்ணிடறேன்."

சுதர்சன் தலையை ஆட்டி மறுத்தான். இரண்டு நாளாகப் பொட்டுக்கடலை ஊட்டி வளர்த்த சேவல். அணிவகுப்பு கலைந்ததும் நேராக அலுவலர் அறைக்குப் போனான். இரவெல்லாம் திருத்தித் திருத்தி எழுதிய மூன்று பக்க விளக்கத்தை நீட்டினான். பெயர், பணி எண், நாள், நேரம், சேவலின் நிறம், எடை எல்லாம் அதில் இருந்தன. கீழே கையெழுத்து.

அருணாதேவி முதல் பக்கத்தை நின்றபடி படித்தார். இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை எதுக்கு எழுதுனீங்க?"

"விதிப்படி, மேடம்."

"வாயால சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டி அனுப்பியிருப்பேன். எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே நான் பாக்கலைன்னு சொல்ல முடியாது." அவர் முத்திரையைக் குத்தி, அந்த மூன்று பக்கங்களையும் சுதர்சனின் தகுதிகாண் கோப்பின் மேல் வைத்தார்.

சுதர்சன் மனதுக்குள் மூட்டையைக் கட்டினான். வேலை போய்விட்டது. ஊருக்குப் போய் வயலில் மணிலாக் கடலை பிடுங்க வேண்டியதுதான். அதற்கும் இரண்டு வருடத்தில் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

அப்போது வாசலில் பைக் நின்றது. சீருடையில் மாறன். வகுப்பில் கேட்டது, பார்த்தது, இப்போது வந்திருப்பது எல்லாம் சுதர்சனின் தலைக்குள் ஒரே கோட்டில் சேர்ந்தன. லஞ்ச வழக்கு. கைது. பேப்பரில் போட்டோ, கூடவே சேவல்.

"சேவல் விஷயம்தானே?" என்றார் அருணாதேவி களைப்பாக.

மாறன் வியந்துபோனார். "ஆமாங்க மேடம். எப்படித் தெரியும்?" சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சுதர்சன் பக்கம் திரும்பாமல், கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"இராமலிங்கம்னு ஒரு விவசாயி புகார் குடுத்திருக்காருங்க. மாட்டை இழுக்க ஆள் பத்தலைன்னு, கையில இருந்த பையை ஒரு ஃபயர்காரர்கிட்ட குடுத்துட்டு ஓடிப்போய் கயித்தைப் புடிச்சாராம். திரும்பிப் பாத்தா வண்டியும் இல்ல, சேவலும் இல்ல. எடுத்துட்டுப் போனது யாருன்னு கண்டுபிடிக்க எங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்ல மேடம். நீங்கதான் உதவி பண்ணணும்."

அருணாதேவி கோப்பின் மேலிருந்த மூன்று பக்கங்களை மெதுவாகப் பார்த்தார்.

21-02-2025, வெள்ளி. நாளை செய்ய வேண்டியது: காலை ஆறு மணிப் பேருந்தில் கீழ்பென்னாத்தூர் சென்று, சேவலைத் திரு. இராமலிங்கத்திடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, திங்கள் காலைக்குள், கோப்பு கிளம்பும் முன், மேடத்திடம் கொடுக்க வேண்டும். பேருந்தில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும், பையை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.